லாண்டட்னோவில் இரண்டு இரவு: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பிரிட்டனுக்கு வந்து நாலு மாதம் ஆனதும் எல்லோருக்கும் கடல் பார்க்கும் ஆசை வரும். பெரும்பாலோர் பிளாக்பூலுக்கோ பிரைட்டனுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். மான்செஸ்டர், லிவர்பூல், பர்மிங்காம் பக்கம் இருப்பவர்களுக்கு வேல்ஸின் வடகரையில் உள்ள லாண்டட்னோவைத்தான் முதலில் சொல்வோம். இரைச்சல் குறைவு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாம். கார் இல்லாமலேயே இரண்டு நாளையும் ஓட்டிவிடலாம்.

வேல்ஸ் தனி நாடுதானே, விசா வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், உங்கள் மாணவர் விசாவோ வேலை விசாவோ அங்கும் செல்லும். ஆனால் நீங்கள் போகும் ரயில் பாதை ஹோலிஹெட் துறைமுகம் வரை நீள்கிறது. அங்கிருந்து டப்ளினுக்குக் கப்பல் போகிறது என்று ஏறிவிடாதீர்கள். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் பிரிட்டிஷ் மாணவர் விசாவோ வேலை விசாவோ இருந்தால் மட்டும் அயர்லாந்துக்குப் போதாது, தனி விசா வேண்டும்.

கிரேட் ஓர்ம், லிட்டில் ஓர்ம் என்ற இரண்டு பாறைக் குன்றுகளுக்கு நடுவே பிறை போல வளைந்த கரை. அதை ஒட்டி ஒரே உயரத்தில் வெளிர்நிறக் கட்டடங்கள் வரிசை கட்டி நிற்கும். சதுப்பாகக் கிடந்த இந்த இடத்தில் ஓர் உல்லாச நகரம் அமைக்கலாம் என்று 1848-ல் லிவர்பூல் நில அளவையாளர் ஓவன் வில்லியம்ஸ், நிலத்துக்குச் சொந்தக்காரரான மோஸ்டின் பிரபுவிடம் திட்டம் கொடுத்தார். 1858-ல் ரயில் வந்தது, 1877-ல் கடலுக்குள் நீளும் பையர் வந்தது. நிலம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததால் யார் எதை எப்படிக் கட்டலாம் என்பதில் கண்டிப்பு இருந்தது. கடற்கரைச் சாலையில் இன்றும் கண்ணை உறுத்தும் பலகைகள் குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம். மோஸ்டின் ஸ்ட்ரீட் கடைகளுக்கு முன்னால் இரும்புத் தூண்களில் கண்ணாடிக் கூரை போட்டிருப்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் அதன் அடியிலேயே வெகுதூரம் நனையாமல் நடக்கலாம்.

எப்போது போவது

மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரைதான் ஊர் முழுசாகத் திறந்திருக்கும். மலை ட்ராம், செப்புச் சுரங்கம் எல்லாம் அந்தக் காலத்தில்தான். டிசம்பரில் மலிவாக ரூம் கிடைக்கிறதென்று போனால் மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டு, நாலரை மணிக்கு இருட்டியதும் ரூமுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் தேர்வு மே நடுப்பகுதி முதல் ஜூன் கடைசி வரை, இல்லாவிட்டால் செப்டம்பர். ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் முழுக்கப் பள்ளி விடுமுறை, ரூம் வாடகை ஏறிவிடும். மே மாத முதல் திங்கள் வங்கி விடுமுறை. அதையொட்டிய வார இறுதியில் வழக்கமாக ‘விக்டோரியன் எக்ஸ்ட்ராவகன்ஸா’ என்ற திருவிழா நடக்கும். நீராவி வண்டிகள், பழைய கால உடையில் ஆட்கள் என்று ஊரே களைகட்டும். அதைப் பார்க்கவே போவதானால் பல மாதம் முன்பே ரூம் எடுங்கள். அமைதி வேண்டுமானால் அந்த வாரத்தைத் தவிருங்கள். நடுத்தெருக்களில் வண்டி போக முடியாது.

ரயில், கார்

லண்டன் யூஸ்டனிலிருந்து மூன்று, மூன்றரை மணி நேரம். மான்செஸ்டரிலிருந்து செஸ்டர் வழியாக இரண்டு, இரண்டரை மணி. இங்கே புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘லாண்டட்னோ ஜங்ஷன்’ வேறு, ‘லாண்டட்னோ’ வேறு. ஜங்ஷன் ஊரிலிருந்து மூன்று மைலுக்கு மேல் தள்ளி இருக்கிறது. சில ரயில்கள் நேராக ஊருக்கே போகும், மற்றவற்றில் வந்தால் ஜங்ஷனில் கிளை ரயிலுக்கு மாற வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே போய்ச்சேரும் இடமாக வெறும் ‘லாண்டட்னோ’ என்று போடுங்கள், ரூமும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கட்டும். ஜங்ஷன் பக்கம் மலிவு ஹோட்டலில் பதிவு செய்துவிட்டு, வாசலில் கடல் இருக்கும் என்று நம்பி வந்து இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், செஸ்டர் தாண்டியதும் நீர்ப்பரப்பு அந்தப் பக்கம்தான்.

ரயில்கார்டு வாங்காமல் முழு விலைக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். வருடத்துக்கு 35 பவுண்டு, டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். கணவன் மனைவியோ இரண்டு நண்பர்களோ என்றால் ‘டூ டுகெதர்’. கார்டில் பெயர் உள்ள இருவரும் சேர்ந்தே பயணிக்க வேண்டும், வார நாட்களில் காலை 9:30-க்கு முன் செல்லாது. பிள்ளைகள் இருந்தால் ‘ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’: 5 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு 60 சதவீதம் தள்ளுபடி. 5 வயதுக்குக் கீழே டிக்கெட்டே வேண்டாம். முப்பது வயதில் எம்எஸ்சி படிக்க வந்தவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: முழுநேர மாணவராக இருந்தால் 26 தாண்டியவர்களுக்கும் 16–25 கார்டு உண்டு. பல்கலைக்கழகம் உறுதிசெய்தால் போதும்.

‘அட்வான்ஸ்’ டிக்கெட் மலிவு, ஆனால் அதில் போட்டிருக்கும் ரயிலுக்கு மட்டுமே செல்லும். நீங்கள் தாமதமாக வந்து அதை விட்டால் புது டிக்கெட்தான். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதை விட நேர்ந்தால் அது ரயில்வேயின் பொறுப்பு; ஊழியரிடம் சொல்லி அடுத்ததில் ஏறலாம். 15 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச்சேர்ந்தால் ‘டிலே ரீபே’ என்று பணமும் கேட்டு வாங்கலாம். டிக்கெட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் போனால் ஏ55 சாலையில் 19-வது ஜங்ஷனில் இறங்கி ஏ470 பிடிக்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து வேல்ஸில் தெருவிளக்கு உள்ள குடியிருப்புச் சாலைகளில் பொதுவான வேக வரம்பு 20 மைல். இங்கிலாந்துப் பழக்கத்தில் 30-ல் போனால் அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும். சாலையில் ‘அராஃப்’ என்று எழுதியிருந்தால் மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். ஊர் லைசென்ஸில் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம். ஆனால் வாடகைக் கார் நிறுவனங்கள் வயதுக்கும் லைசென்ஸ் எடுத்த காலத்துக்கும் தனி நிபந்தனை வைப்பார்கள், பணம் கட்டுமுன் கேளுங்கள்.

ரூம்

கடற்கரை வரிசையில் பெரும்பாலும் அந்தக் காலத்து நாலு, ஐந்து மாடி வீடுகள். பலவற்றில் லிஃப்ட் கிடையாது. மேல்மாடி ரூம் ஏன் மலிவு என்பது செங்குத்தான குறுகிய படியில் இருபத்து மூன்று கிலோ பெட்டியோடு ஏறும்போது தெரியும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் வந்தால், பதிவு செய்யுமுன் போன் செய்து தரைத்தளமோ லிஃப்டோ உண்டா என்று கேளுங்கள். ‘சைடு சீ வியூ’ என்றால் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கடல் ஓரமாகத் தெரியும் என்று பொருள். ‘டபுள்’ என்பது ஒரே கட்டில், ‘ட்வின்’ என்பது இரண்டு தனிக் கட்டில். நண்பர்களாகப் போகிறவர்கள் இதைப் பார்க்காமல் பதிவு செய்து முழிக்கிறார்கள். சனிக்கிழமை ஒரு இரவுக்கு மட்டும் பலர் தரமாட்டார்கள், வெள்ளி சேர்த்து இரண்டு இரவு கேட்பார்கள்.

பி அண்ட் பி எனப்படும் விடுதிகளில் பெரும்பாலும் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருப்பார். இருபத்து நாலு மணி நேர வரவேற்பு மேசை இருக்காது. மாலை 3 மணிக்குப் பிறகு இத்தனை மணிக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ரயில் தாமதமானால் போன் அவசியம். காலை உணவு ஒன்பது, ஒன்பதரைக்கு முடிந்துவிடும். ரூமில் கெட்டில் வைத்திருப்பார்கள், அது தேநீருக்கு. குக்கரையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் எடுத்துப்போய்த் தாளித்தால் புகை அலாரம் அலறும், கட்டடமே தெருவில் நிற்கும். சமைத்தே ஆக வேண்டும் என்றால் அடுக்களையோடு வரும் ‘செல்ஃப் கேட்டரிங்’ ஃப்ளாட் எடுங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் தலையணைமேல் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், வெள்ளை உறையில் கறை பட்டால் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு.

சாப்பாடு

சைவர்கள் கவனிக்க வேண்டியது உருளைக்கிழங்கு சிப்ஸ். சில மீன் சிப்ஸ் கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அதுவே தனி ருசி. “பீஃப் ட்ரிப்பிங்கா, வெஜிடபிள் ஆயிலா” என்று நேராகக் கேளுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாவர எண்ணெய் என்றாலும் மீனும் சிப்ஸும் ஒரே சட்டியில் வேகலாம், அதையும் கேளுங்கள். கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறு. காலை உணவில் சாஸேஜ், பேக்கன் பன்றி. கறுப்பாக வட்டமாக இருப்பது இரத்தத்தில் செய்தது. முதல்நாளே சொன்னால் பீன்ஸ், காளான், தக்காளி, டோஸ்ட் என்று தனித்தட்டு தருவார்கள். ‘வெல்ஷ் ரேர்பிட்’ சீஸ் போட்ட ரொட்டிதான், ஆனால் அதில் சேர்க்கும் வொர்ஸ்டர்ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் இருக்கும். ‘வெல்ஷ் கேக்’ சிலர் பன்றிக் கொழுப்பில் செய்வார்கள். பேரீச்சை நிறத்தில் உலர்பழங்கள் நிறைந்த ‘பாரா ப்ரித்’ துண்டு, வெண்ணெய் தடவித் தேநீரோடு சாப்பிட, எங்களைக் கேட்டால் இந்த ஊரின் மிகச்சிறந்த பண்டம்.

கடற்கரையில் உட்கார்ந்து தின்பவர்களுக்குக் கடற்புள் ஒரு நிஜமான தொல்லை. பின்னாலிருந்து தாழப் பறந்து கையிலிருப்பதைக் கொத்திப் போய்விடும். முதுகுக்குப் பின்னால் சுவரோ கூரையோ இருக்கும்படி உட்காருங்கள். நடைபாதை நெடுகிலும் உள்ள காத்திருப்பு மண்டபங்கள் அதற்கு வசதி. பிள்ளை கையில் ஐஸ்கிரீமைக் கொடுத்துவிட்டு போனைப் பார்க்காதீர்கள்.

சனிக்கிழமை மலை, ஞாயிற்றுக்கிழமை கான்வி

காலை எழுந்ததும் காற்றைப் பாருங்கள். கிரேட் ஓர்ம் உச்சி 207 மீட்டர். ஏறுவதற்கு ட்ராமும் உண்டு, 1969-ல் வந்த கேபிள் காரும் உண்டு. காற்று வலுத்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், ட்ராம் அந்த அளவுக்குப் பாதிக்காது. 1902-ல் ஓடத் தொடங்கிய ட்ராமை சாலைக்கு அடியில் ஓடும் கம்பிவடம் இழுக்கிறது: ஒரு பெட்டி இறங்கும் எடை இன்னொன்றை ஏற்ற உதவும். வழி இரண்டு துண்டு, பாதியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அந்தப் பாதிவழி நிலையத்துக்குப் பக்கத்தில்தான் வெண்கலக் காலத்துச் செப்புச் சுரங்கம், 1987-ல் வெளிப்பட்டது. எலும்பாலும் கல்லாலும் குடைந்த வழிகள் குறுகல். ஆகவே முதலில் உச்சி, இறங்கும்போது சுரங்கம். மதியம் ட்ராம் வரிசை நீளும், திறந்ததும் போய் நில்லுங்கள். ஆகஸ்ட் ஆனாலும் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் வேண்டும். குடை உச்சியில் திரும்பிக்கொள்ளும். மலையில் நீளக் கொம்புள்ள வெள்ளை ஆடுகள் மேயும். காஷ்மீர் இனம், வின்சர் அரச மந்தையிலிருந்து வந்தவை. 2020 ஊரடங்கில் தெருவுக்கு இறங்கி வேலிச் செடிகளைத் தின்றவை இவைதான். தீனி போடாதீர்கள்.

மாலையில் பையர். 2,295 அடி நீளம், உள்ளே போகக் கட்டணம் இல்லை.

கடலில் இறங்குபவர்களுக்கு: வடகரை கூழாங்கல், வெறுங்காலில் நடக்க முடியாது; நீர் வற்றும்போது மட்டும் அதன் கீழே மணல் தெரியும். மேற்குக்கரையில் மணல் பரந்து கிடக்கும், ஆபத்தும் அங்கேதான். சென்னையில் கடல்நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் வித்தியாசம். இங்கே பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏழு மீட்டர் வரை போகும். வெகுதூரம் பின்வாங்கிய நீர் திரும்பும்போது உங்களுக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளங்களை முதலில் நிரப்பிவிடும். கான்வி ஆற்று முகத்துவாரம் பக்கம், நீரோட்டமும் சேறும் சேர்ந்துகொள்ளும். அன்றைய ஏற்ற நேரத்தைப் பார்த்துவிட்டே மணலில் இறங்குங்கள். நாளுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். ஆகஸ்டிலும் தண்ணீர் 16 டிகிரி அளவுதான், திடீரென இறங்கினால் மூச்சுத் திணறும். அப்படி ஆனால் நீந்தப் போராடாமல் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். யாராவது சிக்கினால் 999, “கோஸ்ட்கார்ட்” என்று கேட்க வேண்டும்.

ஞாயிறு பேருந்தில் பக்கத்துக் கோட்டை ஊரான கான்வி. முதலாம் எட்வர்ட் 1283 முதல் 1287 வரை கட்டிய கோட்டை, 1986 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. கோட்டைக்கு டிக்கெட், ஊரைச் சுற்றிய மதில்மேல் நடக்க இலவசம். சுழல்படிகள் மழையில் வழுக்கும், குழந்தை வண்டி ஏறாது, தூக்கும் பையோடு போங்கள். படகுத்துறையில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு வீடு, அகலம் 72 அங்குலம். 1900 வரை அதில் ஆறடி மூன்று அங்குல உயர மீனவர் ஒருவர் குடியிருந்தார். ரயிலில் வர நினைத்தால், கான்வியில் ரயில் தானாக நிற்காது: இறங்க நடத்துநரிடம் முன்பே சொல்ல வேண்டும், ஏறக் கை காட்ட வேண்டும்.

பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் ஞாயிறு ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும், வழிச்சாப்பாட்டை மதியமே வாங்கிவிடுங்கள். கிளைப் பாதையில் ஞாயிறு ரயில் குறைவு. பராமரிப்பு வேலை என்று ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதும் பெரும்பாலும் வார இறுதியில்தான். வெள்ளி கிளம்புமுன்னும் ஞாயிறு காலையிலும் நேஷனல் ரெயில் செயலியில் உங்கள் ரயிலைப் பாருங்கள். திங்கள் காலை வேலை இருந்தால் கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்தையதில் டிக்கெட் எடுங்கள்.