கேரவன் பவர் கேபிள்: சுருட்டும்போதும் செருகும்போதும் நடக்கும் தவறுகள்

பெங்களூரில் கேரவன் வாடகைக்கு எடுத்து வெள்ளிக்கிழமை ராத்திரியே சக்லேஷ்பூர், குடகு என்று கிளம்புகிறவர்களுக்கு, வண்டியை ஒப்படைக்கும்போது எல்லாவற்றையும் காட்டிக் கொடுப்பார்கள். ஏசி எப்படிப் போடுவது, தண்ணீர் டேங்க் எங்கே, கட்டிலை எப்படி விரிப்பது என்று ஒன்று விடமாட்டார்கள். வெளிச் சாக்கெட்டிலிருந்து வண்டிக்குக் கரண்ட் கொண்டுவர, பின்பக்கப் பெட்டியில் சுருட்டிக் கிடக்கும் தடித்த கேபிளைப் பற்றி மட்டும் "இதைச் செருகினா கரண்ட் வரும் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சொந்தமாக டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டி வைத்திருப்பவர்களும் இங்கே உண்டு. அவர்களிடம் அந்தக் கேபிள் வருஷத்தில் சில வாரங்கள்தான் வேலை செய்யும். மிச்ச நாளெல்லாம் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டிலோ மொட்டைமாடி ஷெட்டிலோ கிடக்கும். பெரும்பாலும் அது கெடுவது அங்கே கிடக்கும்போதும், ஊர் திரும்பும் அவசரத்தில் சுருட்டி எறியும் பத்து நிமிஷத்திலும்தான். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் ஆடித் திருவிழாவுக்கு வீட்டிலிருந்து கோயிலுக்கு எக்ஸ்டென்ஷன் இழுப்பவர்களுக்கும் இதே கதைதான். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேபிளுக்கும் பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். யூடியூபில் கேரவன் கேபிள் பற்றிக் கிடைப்பதில் பாதி அமெரிக்க ஆர்வி (அந்த ஊர் கேரவன்) வண்டிகளுக்கானது. அங்கே 30 ஆம்ப்ஸ், 50 ஆம்ப்ஸ் என்று இரண்டு வகை. அவர்களுடைய மின்சாரம் 120 வோல்ட் என்பதால் 30 ஆம்ப்ஸ் கேபிளில் 3,600 வாட்தான் கிடைக்கும். 50 ஆம்ப்ஸ் வகையில் நாலு கம்பி, 12,000 வாட் வரை. நமக்கு 230 வோல்ட். வீட்டு கீசருக்குப் போடும் 16 ஆம்ப்ஸ் பவர் சாக்கெட்டே 3,680 வாட் தரும். ஆகவே அந்த ஊர்க் கேபிளின் தடிமனும் பிளக்கும் இங்கே வேண்டாம். ஐரோப்பாவில் கேரவன்களுக்குப் பயன்படுத்தும், ஒவ்வொரு கம்பியும் 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள, மூன்று கம்பி, 25 மீட்டர் கேபிள்தான் நம் நிலைமைக்கு நெருக்கமானது. எலக்ட்ரீஷியன் பாஷையில் சொன்னால் "ரெண்டரை எம்எம், த்ரீ கோர் ஃப்ளெக்ஸ்".

இதை வாங்கும்போதே ஒரு தவறு நடக்கிறது. சிக்பேட்டைக்குப் பக்கத்தில் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டில் எலக்ட்ரிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. விலை குறைவு என்று ஒன்றைக் கையில் எடுத்தால், தூக்கும்போதே கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 25 மீட்டர், மூன்று கம்பி, 2.5 என்றால் உள்ளே இருக்கும் தாமிரம் மட்டுமே 1.6 கிலோவுக்கு மேல் வரவேண்டும். மேலுறையோடு சேர்த்தால் கை வலிக்கும் எடை. லேசாக இருந்தால் கம்பி மெலிசு, இல்லையென்றால் தாமிர முலாம் பூசிய அலுமினியம். ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். அலுமினியத்தின் மின்தடை தாமிரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அதோடு திருகி இறுக்கும் இடத்தில் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

சுருளிலேயே விட்டு ஓட்டுவது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஹோம்ஸ்டே சாக்கெட்டுக்கும் வண்டிக்கும் எட்டு மீட்டர்தான் தூரம். கேபிள் 25 மீட்டர். தேவையான அளவை மட்டும் உருவிவிட்டு மீதியை வட்டமாகவே வண்டிக்கடியில் தள்ளிவிடுவார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 2.5 தாமிரக் கேபிளில் கரண்ட் போய்த் திரும்பும் வழி 50 மீட்டர், அதன் தடை சுமார் 0.4 ஓம். 16 ஆம்ப்ஸ் ஓடினால் கேபிளே 100 வாட் அளவுக்கு வெப்பமாகத் தின்னும். நீளமாகத் தரையில் விரித்திருந்தால் மீட்டருக்கு 4 வாட், காற்று அதைச் சுலபமாகக் கொண்டுபோய்விடும். அதையே இறுக்கமாகச் சுற்றி வைத்தால் நடுவில் இருக்கும் சுற்றுகளுக்கு வெப்பம் போக வழியில்லை. சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். அதைத் தாண்டினால் இளகும், சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும், கடைசியில் கம்பியும் கம்பியும் தொட்டுவிடும்.

இதில் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) உதவிக்கு வராது. ஓடுகிற கரண்ட் அதன் அளவுக்குள்தான் இருக்கிறது, ஆகவே அது பாட்டுக்கு இருக்கும். டிரம்மில் சுற்றிய கேபிள் வாங்கினால் அதன் பக்கவாட்டில் இரண்டு வாட் அளவு அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். சுற்றியபடி எவ்வளவு, முழுக்க அவிழ்த்தால் எவ்வளவு என்று. முதல் எண் இரண்டாவதைவிட ரொம்பவே குறைவாக இருக்கும். கேபிள் முழுவதையும் வெளியே எடுங்கள், மிச்சத்தை வண்டிக்குப் பின்னால் நெளிநெளியாகப் பரப்பிவிடுங்கள். அழகு கெட்டால் கெடட்டும்.

இதே வகையில் இன்னொன்று: 2,000 வாட் கீசர், 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி மூன்றையும் சேர்த்துப் போடுவது. முதல் இரண்டும் சேர்ந்தாலே 17 ஆம்ப்ஸைத் தாண்டிவிடும். குளித்து முடித்துவிட்டு இட்லி ஊற்றினால் ஒன்றும் குறைந்துவிடாது.

முழங்கையில் சுற்றுவது

நம் ஊரில் கேபிளைச் சுருட்டச் சொன்னால் எல்லோரும் கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றுவார்கள். கேபிளுக்குள் மூன்று கம்பிகளும் ஒரே திசையில் முறுக்கி வைக்கப்பட்டவை. முழங்கையில் போடும் ஒவ்வொரு சுற்றும் அதில் இன்னொரு முறுக்கைச் சேர்க்கிறது. சில மாதத்தில் கேபிள் தரையில் நேராகப் படுக்காது, ஆங்காங்கே கொக்கி போட்டு மடங்கும். மடங்கும் இடத்தில் உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே ஒன்றும் தெரியாது, அந்த இடம் மட்டும் சூடாகும்.

கல்யாண மண்டபத்தில் சவுண்ட் செட் ஆட்கள் ஒயர் சுருட்டுவதைக் கவனித்தால் வேறு மாதிரி செய்வார்கள். ஒரு வளையம் சாதாரணமாக. அடுத்த வளையத்தில் மணிக்கட்டைத் திருப்பி, கேபிள் அடிப்பக்கமாக வருகிற மாதிரி. ஒன்றின் முறுக்கை அடுத்தது சரிக்கட்டிவிடும். கை பழக நேரமாகும். கனமான கேபிளுக்கு அதைவிடச் சுலபமான வழி, தரையிலேயே 8 போட்டுக்கொண்டே போவது. தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, முறுக்கும் ஏறாது, முடிந்ததும் எட்டை இரண்டாக மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். வளையத்தின் அகலம் ஒன்றரை, இரண்டு அடி இருக்கட்டும்.

சுருட்டும்போது இன்னொரு கையில் பழைய துணி ஒன்றை வைத்துக்கொண்டு கேபிளை அதன் வழியாக இழுங்கள், பிளக்கைக் கழற்றிய பிறகு. குடகு செம்மண் துணியோடு போகும். உறையில் கீறல், வெட்டு ஏதாவது இருந்தால் கண்ணுக்கு முன்னே கைக்குத் தெரியும். மலைக் குளிரில் விடியற்காலையில் பிவிசி விறைத்துப்போய் இருக்கும், அப்போது முரட்டுத்தனமாக மடக்காதீர்கள். வெயில் வந்து அரைமணி கழித்துச் சுருட்டினால் சொன்னபடி கேட்கும்.

கட்டுவதற்குப் பிளாஸ்டிக் டை வேண்டாம். இறுக்கினால் உறையில் பதியும். அதை அறுக்கும்போது கத்தி கேபிளிலும் படும். பழைய வேட்டியிலிருந்து கிழித்த துண்டு போதும், வெல்க்ரோ இருந்தால் இன்னும் சௌகரியம்.

வீட்டில் வைக்கும் இடம்

ஒற்றை ஆணியில் மாட்டினால் அவ்வளவு எடையும் ஒரு புள்ளியில் தொங்கி அங்கே மடிப்பு விழும். அகலமான தாங்கி வேண்டும், அல்லது தட்டில் படுக்கவைக்க வேண்டும். மொட்டைமாடி வெயில் உறையை வெளுக்க வைத்து வெடிக்கச் செய்யும். ரொம்பப் பேருக்குத் தெரியாதது தெர்மாகோல் விஷயம். பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெல்ல தெர்மாகோலுக்குள் இறங்கும். சில மாதம் ஒட்டிக் கிடந்தால் தெர்மாகோல் கரைந்து கேபிளோடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், உறை கெட்டியாகிவிடும். புது டிவி வந்த பெட்டியிலேயே, தெர்மாகோலோடு கேபிளையும் போட்டு மூடுவது இப்படித்தான் முடியும். பேஸ்மெண்ட் என்றால் எலியும் உண்டு. மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே வைக்கும்போது பிளக் பின்கள் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மூடினால் பித்தளையில் பச்சை பூத்துவிடும்.

இரண்டு முனைகள்

நடுவே கேபிள் நன்றாக இருந்தும் தீய்வது முனைகளில்தான். ஒரு பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே 0.1 ஓம் தடை கூடுதலாக இருந்தாலே 13 ஆம்ப்ஸில் 17 வாட் அங்கேயே வெளியாகும். 25 வாட் சாலிடரிங் அயர்ன் ஈயத்தை உருக்கிவிடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே தளர்ந்த சாக்கெட், கறுத்த பின் இரண்டையும் சகித்துக்கொள்ளக் கூடாது. கறுத்த பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது வீண் வேலை, பிளக்கை மாற்றுங்கள். மாற்றும்போது பச்சை-மஞ்சள் எர்த் கம்பியை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட்டு இணைக்கச் சொல்லுங்கள். யாராவது இழுத்தால் எர்த் கடைசியாகத்தான் பிடுங்கிக்கொள்ள வேண்டும். கம்பி முனையில் ஈயம் பூசித் திருகுவது பலமாகத் தோன்றும். ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கித் திருகு தளரும். லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் குழல்) போட்டு நசுக்குவதே சரி.

எஸ்டேட் பக்கம் 6 ஆம்ப்ஸ் சாக்கெட் மட்டும் இருக்கிற இடத்தில் கன்வெர்ட்டர் பிளக் போட்டு வண்டியை இணைப்பதும் நடக்கிறது. கேர்டேக்கர் "ஒண்ணும் ஆகாது சார்" என்று கன்னடத்தில் தைரியம் சொல்வார். மொபைல் சார்ஜ் செய்தால் ஒன்றும் ஆகாதுதான், ஏசி போட்டால் கட்டாயம் ஏதாவது ஆகும். எர்த் இல்லாத சாக்கெட் அதைவிட மோசம். வண்டி முழுக்க இரும்பு, ஈரத் தரையில் நின்று கதவைத் தொடும்போதுதான் விஷயம் தெரியவரும். மூன்று விளக்கு எரியும் சாக்கெட் டெஸ்டர் ஒன்றை வண்டியிலேயே வையுங்கள். எர்த் இணைப்பு இல்லை, கம்பிகள் மாறியிருக்கின்றன என்பதைக் காட்டிவிடும். எர்த் எவ்வளவு நல்லது என்று அது சொல்லாது, அதனால் வண்டியில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். இணைத்து முடித்ததும் அதன் டெஸ்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

வண்டியின் மெயினை அணைத்து, சாக்கெட் சுவிட்ச் அணைந்திருக்கும்போதே இரண்டு முனையும் செருகி, சாக்கெட்டைப் போட்டு, அப்புறம் வண்டி மெயின். கழற்றும்போது இதுவே தலைகீழாக. ஏசி ஓட ஓடப் பிடுங்கினால் பின்னில் பொறி பறக்கும், ஒவ்வொரு பொறியும் ஒரு சின்னக் குழி. பிடுங்கும்போது பிளக்கைப் பிடியுங்கள், கேபிளை அல்ல. இணைத்து இருபது நிமிஷம் கழித்து சாக்கெட் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாவிட்டால் அந்த சாக்கெட் வேண்டாம்.

மழையைப் பற்றி ஒன்று மட்டும். இணைப்பு முனை தரையில் கிடக்கக் கூடாது, பாலித்தீன் பையால் இறுக்கிக் கட்டவும் கூடாது, உள்ளே வேர்த்துத் தண்ணீர் தேங்கும். செங்கல் மேல் தூக்கி வைத்து, மேலே பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். மழைநீர் வழிந்து முனைக்குள் போகாதபடி அதற்கு முன்னே கேபிள் கொஞ்சம் கீழே தொங்கட்டும்.

உறை வெட்டுப்பட்ட கேபிளுக்குக் கறுப்பு டேப் சுற்றி ஓட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெளியில் கிடக்கும் கேபிளில் டேப் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வெட்டுப்பட்ட இடத்தில் இரண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் சரியான பிளக்கும் சாக்கெட்டும் போட்டால் இரண்டு குட்டைக் கேபிள் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் கேபிள் ஒன்று தனியாக இருப்பது நல்லதுதான். சாக்கெட் பக்கத்திலேயே இருக்கும் இடங்களில் 25 மீட்டரை அவிழ்க்கும் வேலையே இருக்காது.