லைன் அறுந்தால் போட்டி நிறுவனத்துக்கும் சொல்லுங்கள்

காரைக்குடிப் பக்கம் பிராட்பேண்ட் நடத்துகிறேன். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல் என்று எங்கள் பைபர் போகிற சாலையோரத்திலேயே மற்ற நிறுவனங்களின் பைபரும் போகிறது. குடிநீர்க் குழாய்க்கு ஜேசிபி தோண்டினால் எல்லாருக்கும் சேர்ந்துதான் அறுகிறது. ஆனால் அறுந்த இடத்தை ஆளாளுக்குத் தனியாகத் தேடுகிறோம். சேர்ந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும்.

ஒரு வாட்ஸ்அப் குழு போதும். யாரைச் சேர்ப்பது என்பதில் மட்டும் கறாராக இருங்கள். லைனுக்குப் போகிற டெக்னீஷியனும் நெட்வொர்க் பார்க்கிறவரும் இருக்கட்டும். புதுக் கனெக்‌ஷன் பிடிக்கிற ஆள் வேண்டாம். "அவங்களுக்கு லைன் இல்லையாம், எங்களுக்கு மாறிக்கங்க" என்று ஒருவர் ஒரு வீட்டில் சொல்லிவிட்டால் போதும், மறுநாள் முதல் குழுவில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். எத்தனை வாடிக்கையாளருக்குப் பாதிப்பு என்று சொல்லவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். அமெரிக்காவில் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு நிறுவனங்கள் தரும் தடங்கல் அறிக்கைகள் 2004 முதல் ரகசியமாகவே வைக்கப்படுகின்றன. போட்டியாளர் கையில் கிடைத்துவிடுமே என்ற கவலையும் அதற்கு ஒரு காரணம். நியாயமான கவலைதான்.

குழுவில் போடுவதற்கு முன், கரண்ட் போனதா பைபர் போனதா என்று பாருங்கள். ஓஎன்யூக்கள் (வாடிக்கையாளர் வீட்டில் பைபர் வந்து சேரும் பெட்டிகள்) 'டையிங் கேஸ்ப்' என்ற, கரண்ட் போகும்போது அனுப்பும் கடைசிச் செய்தியை அனுப்பிவிட்டு அணைந்திருந்தால் அந்தத் தெருவில் மின்சாரம் இல்லை. அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பைபரில் ஒளி வரவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

செய்தி இவ்வளவு இருந்தால் போதும்: "கோட்டையூர்–பள்ளத்தூர் ரூட், 14:20 முதல் டவுன். கோட்டையூர் முனையிலிருந்து 2.1 கிமீ. ஆள் கிளம்பியாச்சு. அடுத்த தகவல் 15:00." உறுதியாகத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். "அண்ணே, பள்ளத்தூர் லைன் உங்களுக்கு இருக்கா?" என்ற கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். "இருக்கு தம்பி" என்று பதில் வந்தால், கோளாறு உங்கள் கேபிளில் மட்டும்தான் என்று தெரிந்துவிடும்.

இடம் சொல்லும்போது எங்கள் ஊர்களில் ஒரு சிக்கல். பெரிய வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். வீட்டை மட்டும் அடையாளம் சொன்னால் ஆள் தப்பான தெருவில் நிற்பார். தெருப்பெயர், ஊருணிக் கரை, கம்பத்து எண், முடிந்தால் கூகுள் மேப் லொகேஷன், எல்லாம் சேர்த்துப் போடுங்கள்.

பைபருக்குள் ஒளி அனுப்பி, அறுந்த இடம் எவ்வளவு தூரம் என்று அளக்கிற மிஷின் ஓடிடிஆர். அது காட்டுவது கண்ணாடி இழையின் நீளம், சாலையின் நீளம் அல்ல. ஒவ்வொரு ஜாயின்ட் பாக்ஸிலும் சுற்றி வைத்திருக்கிற உபரிக் கேபிளும் (லூப்) அதில் சேரும். மிஷினில் ஒளிவிலகல் எண் 1.468க்குப் பதில் 1.460 என்று இருந்தால் 10 கிமீக்கு 50 மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். அதனால் மிஷினில் வைத்த ஒளிவிலகல் எண்ணையும் சேர்த்தே குழுவில் எழுதுங்கள். இந்த முனையில் உங்களுக்கு ஓஎல்டி (வீடுகளுக்குப் போகும் பைபர் கிளம்புகிற நிறுவனத்தின் கருவி), அந்த முனையில் போட்டியாளருக்கு ஓஎல்டி என்றால் இரண்டு பக்கமிருந்தும் அளக்கலாம். லூப் அளவு ஆளுக்கு ஆள் மாறினாலும், தேடுகிற தூரம் நன்றாகச் சுருங்கும். தனியாக அளக்கிறவருக்கு இந்த வசதி கிடையாது. இந்த ஒன்றுக்காகவே குழு ஆரம்பிக்கலாம்.

ரூட் முழுக்க நன்றாக இருந்தும் நெட் வரவில்லை என்றால் கோளாறு மேலே, மதுரை அல்லது திருச்சி தாண்டி இருக்கலாம். ட்ரேஸ்ரூட், அதாவது நெட் போகிற வழியைப் படிப்படியாகக் காட்டும் சோதனை, எங்கே நிற்கிறது என்று போடுங்கள். வேறு பெரிய நிறுவனத்திடமிருந்து நெட் (அப்ஸ்ட்ரீம்) எடுப்பவர் அதே முகவரியைச் சோதித்துச் சொல்வார்.

தோண்டுவதற்கு முன்பே தெரிந்தால் இன்னும் நல்லது. 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியில் தோண்டப்போவதாகத் தகவல் வந்தால் உடனே குழுவில் போடுங்கள். ஒப்பந்தக்காரர் செயலியைப் பார்க்காமலே தோண்டுவதும் உண்டு. அதனால் சாலையோரம் குழாய் வந்து இறங்கினாலே படம் எடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

லைன் வந்தபின் "வந்துருச்சு" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். எங்கே அறுந்தது, எதனால், போட்ட ஜாயின்ட் நிரந்தரமா தற்காலிகமா என்று எழுதுங்கள். தற்காலிகம் என்றால், மழைக்கு முன் யார் போய் அதைப் பெட்டிக்குள் வைப்பது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.