ஆட்டோமேட்டிக் காரில் மேனுவல் மோட்: மலைப்பாதையில் செய்யக்கூடாத தவறுகள்

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களில் பலர் கியர் லீவரைத் தானாகக் கியர் மாறும் ‘டி’யில் (டிரைவ்) போடுவதோடு சரி, பக்கத்தில் இருக்கும் ‘எம்’மை, அதாவது நாமே கியரை மாற்றும் மேனுவல் மோடைத் தொடுவதே இல்லை. ஊருக்குள் ஓட்ட அது போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 வளைவுகளிலும் அது போதாது. வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது, எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதெல்லாம் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டருக்குத் தெரியும். சரிவை உணரும் சென்சார் இருந்தாலும் அது இப்போது வண்டி நிற்கும் இடத்தின் சரிவைத்தான் சொல்லும். வளைவு திரும்பியதும் வரப்போவது ஏற்றமா இறக்கமா என்பது ஓட்டுபவருக்குத்தான் தெரியும். மேனுவல் மோடு இருப்பது அதற்காகத்தான், ரேஸ் ஓட்டுவதற்காக அல்ல.

ஆபத்தான தவறு இறக்கத்தில்தான் நடக்கிறது. ‘டி’யில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், மைலேஜுக்காகப் பெரும்பாலான வண்டிகள் மேல் கியருக்குப் போய்விடும். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக்கில் காலை வைத்தபடியே கிலோமீட்டர் கணக்கில் இறங்கினால் முதலில் கருகிய வாடை வரும், பிறகு பிரேக்கின் பிடிப்பு குறையும். அதோடு நிற்காது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை கொண்டது. தர விதிப்படி, டாட் 3 என்ற வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4க்கு இதே அளவுகள் 230, 155. ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவி சேர்ந்துவிட்டால், மிதிக்கும் பெடல் பஞ்சுபோல அமுங்கி அடிவரை போகும், வண்டி நிற்காது. மலைக்குப் போகுமுன் பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே பிரேக் போட்டு வேகத்தை 30 கிலோமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். லீவரை ‘எம்’முக்குத் தள்ளி, கியரைக் குறைக்கும் மைனஸை ஒவ்வொரு தட்டாகத் தட்டி இரண்டாம் கியருக்கு வாருங்கள் (கியரை ஏற்றுவது பிளஸ்). ‘டி’யிலிருந்து ‘எம்’முக்கு ஓடும்போதே மாற்றலாம், வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய டிரைவர்களின் கணக்கு இதற்கும் பொருந்தும். மசினகுடிக்கும் ஊட்டிக்கும் இடையே 36 வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் இரண்டாம் கியரும் பத்தாமல் ஒன்றுக்கு வரவேண்டிய இடங்கள் உண்டு. அப்படி இறங்கும்போதும் பிரேக் தேவைப்படும். ஆனால் அழுத்தமாக ஒரு மிதி மிதித்து வேகத்தைக் குறைத்து, உடனே காலை எடுத்துவிட வேண்டும். மெல்ல மிதித்தபடியே வந்தால் பிரேக்குக்கு ஆற நேரம் கிடைக்காது.

சரியாகத் தொடங்கியவர்கள்கூட எஞ்சின் சத்தம் ஏறியதும் பயந்து பிளஸைத் தட்டிவிடுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினின் சிவப்புக் கோடு பொதுவாக 6,000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) மேல்தான். இறக்கத்தில் 3,500 அல்லது 4,000 காட்டினால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. டீசலில் 3,000 வரை தாராளமாக விடலாம். பெட்ரோல் வீணாகிறதே என்ற கவலையும் வேண்டாம். கியரில் இருந்து கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லாதபோது இன்ஜெக்டர்கள் எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில் உருட்டினால்தான் ஐடிலிங்குக்கு எரிபொருள் செலவாகும், எஞ்சின் பிடிப்பும் இருக்காது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில், அதாவது விரலால் கியர் மாற்றும் சிறு நெம்பு உள்ள வண்டிகளில் இன்னொரு சிக்கல். லீவர் ‘டி’யில் இருக்கும்போதே பேடிலைத் தட்டினால் கிடைப்பது தற்காலிக மேனுவல்தான். பல வண்டிகளில் கொஞ்ச நேரத்தில் அது தானாக ‘டி’க்குத் திரும்பி, வளைவின் நடுவிலேயே மேல் கியர் போட்டுவிடும். நீண்ட இறக்கம் என்றால் லீவரையே ‘எம்’மில் வைத்துவிடுங்கள்.

வேகம் அதிகமாக இருக்கும்போது மைனஸைத் தட்டினால் கியர்பாக்ஸ் ஏற்காது, பீப் அடித்துவிட்டுச் சும்மா இருக்கும். பதற்றத்தில் நான்கைந்து முறை தட்டிவிட்டு, கியர் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். மீட்டரில் தெரியும் கியர் எண்ணைப் பாருங்கள். முதலில் பிரேக், அப்புறம் மைனஸ். அதையும் வளைவுக்கு முன், சாலை நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மழைச் சாலையில் ஸ்டீயரிங் திரும்பியிருக்கும்போது கியரைக் குறைத்தால் சக்கரம் பிடிப்பை இழக்கலாம். தட்டும் திசையும் எல்லா வண்டியிலும் ஒன்றல்ல. ஹூண்டாய், கியாவில் முன்னால் தள்ளினால் பிளஸ், பிஎம்டபிள்யூவில் முன்னால் தள்ளினால் மைனஸ்.

ஏற்றத்தில் நடக்கும் தவறு இதற்கு நேர் எதிரானது. மைலேஜுக்கு ஆசைப்பட்டு சீக்கிரமே பிளஸ் போட்டு, 1,300, 1,400 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதிப்பார்கள். சிறிய டர்போ பெட்ரோல் எஞ்சின்களுக்கு இது கெடுதல். குறைந்த சுற்றில் அதிகப் பாரம் ஏறினால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தீப்பிடித்து பிஸ்டனை அடிக்கக்கூடும். 2,000க்கு மேல் வைத்துக்கொண்டு ஏறுங்கள். முந்தும்போதும் எதிர்த் தடத்துக்குப் போவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். ஏஎம்டி (சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சையும் கியரையும் இயந்திரமே இயக்கும் வகை) வண்டியில் கியர் மாறும் இடைவெளியில் இழுவை அறுந்துபோகும், லாரிக்குப் பக்கத்தில் அது நடக்கக் கூடாது. ஏஎம்டியில் பிளஸ் தட்டும் நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தளர்த்தினால் தலையாட்டலும் குறையும்.

ஏஎம்டி, டிரை கிளட்ச் டிசிடி (ஆயிலில் மூழ்காத இரண்டு கிளட்ச் கொண்ட கியர்பாக்ஸ்) வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் ஆக்ஸிலரேட்டரால் தாங்கிப் பிடிக்காதீர்கள். மேனுவலில் முதல் கியர் போட்டிருந்தாலும் உள்ளே கிளட்ச் உரசிக்கொண்டுதான் இருக்கும். பிரேக்கை மிதித்து நில்லுங்கள், முன்னால் ஒரு கார் அளவு இடம் கிடைத்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். டிசிடியில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை வந்தால் ஓரம்கட்டி பார்க்கிங்குக்கான ‘பி’யில் (P) போட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே எச்சரிக்கை மறையும்வரை காத்திருங்கள்.

சிவிடி என்பது படிகள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் ஆட்டோமேட்டிக் வகை, அதில் உண்மையான கியர்கள் கிடையாது. மேனுவலில் காட்டும் எண்கள் கம்ப்யூட்டர் பிரித்துவைத்த படிகள்தான். ஆனாலும் மைனஸ் தட்டினால் எஞ்சின் பிடிப்பு கிடைக்கும். மேனுவல் இல்லாத சிவிடியில் இறக்கத்துக்குப் பெரும்பாலும் ‘எல்’ (L) அல்லது ‘பி’ (B) என்ற இடம் இருக்கும். இந்த ‘பி’ (B) பிரேக்குக்கான எழுத்து, பார்க்கிங்குக்கான ‘பி’ (P) அல்ல. இரண்டும் இருக்கும் லீவரில் எது எங்கே என்று சமதளத்திலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.