நாற்பதுக்கு மேல் எடை குறைப்பு: சலிப்பு வராமல் இருக்க மெஷினில் ஏறும் முறை

முதல் வாரம் ஒன்றரை கிலோ இறங்கும். இரண்டாவது வாரம் அரை கிலோ. மூன்றாவது வாரம் எண் அசையாது. நான்காவது வாரம் எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் போய்விடும். குறை மனஉறுதியில் இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கணக்கில் இருக்கிறது.

சோற்றையும் இனிப்பையும் குறைத்ததும் உடல் முதலில் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைத்த சர்க்கரையான கிளைக்கோஜனைச் செலவழிக்கும். ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருப்பதால் அதுவும் வெளியேறும். முதல் வார இறக்கத்தில் பெரும்பங்கு அதுதான். கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது: 1 கிலோ உடல் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. தினமும் 300 கலோரி குறைத்தால் 4 வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அதையே இலக்காக வையுங்கள்.

காலையில் கழிவறை போய்வந்து, காபிக்கு முன்னால், சமமான தரையில் மெஷினை வைத்து ஏறுங்கள். தினமும் எழுதுங்கள், ஆனால் அன்றைய எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏழு நாள் சராசரியை, நான்கு வாரத்துக்கு முந்தைய சராசரியோடு ஒப்பிடுங்கள். இரவு பிரியாணியும் ஊறுகாயும் சாப்பிட்டால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து, மறுநாள் ஒரு கிலோ கூடக் காட்டலாம். புதிதாக உடற்பயிற்சி தொடங்கி உடம்பு வலிக்கும் நாட்களிலும் அப்படித்தான். மாதவிடாய் இன்னும் நிற்காதவர்கள், சுழற்சியின் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பை அளக்கவும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல். நம்மவர்களுக்கு எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. மாதவிடாய் நிற்கும் வயதில் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகர்வதால், பெண்களுக்கு மெஷினைவிட டேப் அதிகம் சொல்லும்.

எடை இறங்காத மாதம் வீண் போவதுமில்லை. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. சராசரி வயது 46.

ஏழு நாள் சராசரி நான்கு வாரமாக அசையவில்லை என்றால்தான் அது தேக்கம். அப்போது முதலில் எண்ணெயைப் பாருங்கள். 15 மி.லி. எண்ணெய் 120 கலோரிக்கு மேல். தாளிக்கும்போது பாட்டிலைச் சாய்த்தால் அளவே தெரியாது. நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் என்று தனியாக எடுத்துவைத்தால் ஆளுக்குத் தினம் 16 மி.லி. வரும். அடுத்தது, இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு மூன்று வேளை டீ: சர்க்கரை மட்டுமே ஏறக்குறைய 100 கலோரி. மிச்சச் சோற்றை ‘வீணாகுமே’ என்று பாத்திரத்தோடு வழித்துச் சாப்பிடுவதும் கணக்கில் வராத சாப்பாடுதான்.

சோற்றை மட்டும் குறைத்தால் பசி தாங்காது, தசையும் கரையும். அந்த இடத்தில் பருப்பு, முட்டை, மீன், சுண்டல் வர வேண்டும். 60 கிலோ உள்ளவருக்குத் தினம் 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான், ரசம் சாதத்தில் அது கிடைக்காது. வாரம் இரண்டு நாள், நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 தடவை வீதம் மூன்று சுற்று, சுவரில் கை ஊன்றித் தள்ளுவதும் அதே அளவு. முட்டி வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரம் கூட்டுங்கள்.

கல்யாண விருந்துக்கு மறுநாள் பட்டினி வேண்டாம். மாலையில் பஜ்ஜிக் கடையில்தான் போய் நிற்பீர்கள். அடுத்த வேளையே வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும்.

இன்சுலினோ, சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்குமுன் மருத்துவரிடம் பேசுங்கள். மருந்தின் அளவு அப்படியே இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். எல்லாம் சரியாகச் செய்தும் மூன்று மாதம் அசையவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் எடையைக் கூட்டுகின்றனவா என்றும் கேளுங்கள்.