ஷாக் அப்சார்பர் தேய்ந்துவிட்டதை ஓட்டுபவரே கண்டுபிடிப்பது எப்படி?

காரின் பேட்டரி இறங்கினால் அன்று காலையிலேயே தெரிந்துவிடும். டயர் பஞ்சரானால் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். ஷாக் அப்சார்பர் அப்படி அறிவித்துவிட்டுக் கெடுவதில்லை. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் அது சிறிது சிறிதாக வலுவிழக்க, நம் கையும் காலும் அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்டே வருவதால், தினமும் அந்த வண்டியை ஓட்டுபவருக்குத்தான் மாற்றம் கடைசியாகப் புலப்படுகிறது. என் வண்டியில் அதை முதலில் கவனித்தவர், ஆறு மாத இடைவெளிக்குப் பின் ஊரிலிருந்து வந்து பின் இருக்கையில் அமர்ந்த என் தாயார்தான். "என்னப்பா, வண்டி தொட்டில் மாதிரி ஆடுது?" என்று அவர் கேட்டபோது எனக்கு அந்த ஆட்டமே தெரியவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கி எழுந்தபின் தொடர்ந்து ஆடாமல் அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. அதன் உருளைக்குள் இருக்கும் பிஸ்டன், சிறு துளைகளும் வால்வுகளும் வழியாக எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும்போது, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. எண்ணெய் கசிந்தாலோ, வால்வு தேய்ந்தாலோ, உள்ளே அடைத்த வாயு வெளியேறினாலோ, ஸ்பிரிங்கை அடக்க ஆளில்லாமல் போகிறது. அப்போது சொகுசு மட்டும் குறைவதில்லை. சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும் ஒவ்வொரு கணமும் டயருக்குப் பிடிமானம் இல்லை. பிடிமானம் இல்லாத டயரை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இருந்தாலும் பிரேக்கால் முறையாக நிறுத்த முடியாது.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவற்றில் எளியது வேகத்தடை. நன்றாகப் பழகிய ஒரு வேகத்தடையை வழக்கமான வேகத்தில் கடந்தபின், வண்டி ஒருமுறை எழுந்து அமர்ந்தால் சரி. இரண்டு, மூன்று முறை ஆடி அடங்கினால் ஷாக்கைச் சந்தேகிக்க வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது முன்பக்கம் முன்பைவிட அதிகமாக அமுங்குவதும், வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரத் தாமதிப்பதும் இதே குறையின் வேறு முகங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கவாட்டுக் காற்று வீசும்போதோ, நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்டும்போதோ ஸ்டீயரிங்கை அடிக்கடி திருத்த வேண்டியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றுவது இரவுச் சோதனை: சமமான சாலையின் சிறு மேடு பள்ளத்திலேயே முகப்பு விளக்கின் ஒளி எதிரே உள்ள மரங்களின் மீது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், உடல் பழகி மறந்துவிட்ட ஆட்டத்தைக் கண் காட்டிக்கொடுக்கிறது.

டயர் இன்னும் தெளிவான சாட்சி. வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் சுற்றுவாக்கில் மெதுவாகத் தடவிப் பாருங்கள்; கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பதால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று அதிகம், ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு. ஆனால் கைக்கு மேடும் குழியுமாக, இடைவெளி விட்டு விட்டுத் தேய்ந்திருப்பது தட்டுப்பட்டால், சக்கரம் தரையில் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது என்று பொருள். வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) தவறினாலும் இப்படித் தேயலாம் என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்து, டார்ச் வெளிச்சத்தில் முன் ஷாக்கின் உடலைப் பாருங்கள். மேற்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் படர்ந்திருப்பது இயல்பே. அதைக் காட்டி மாற்றச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. எண்ணெய் கீழ்வரை வழிந்து, அதில் புழுதி ஒட்டிக் கறுத்த சேறாக அப்பியிருந்தால்தான் அது உண்மையான கசிவு. சந்தேகமாக இருந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டியபின் மீண்டும் பாருங்கள்.

பானெட்டின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் பழைய முறையை எல்லோரும் சொல்வார்கள். அது முற்றிலும் செத்துப்போன ஷாக்கைக் காட்டுமே தவிர, பாதி தேய்ந்ததைக் காட்டாது. இறுக்கமான சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த அமைப்பு) கொண்ட இன்றைய கார்களில் கையழுத்தத்துக்கு வண்டி அசைவதே குறைவு. அதைவிடப் பயனுள்ளது வெப்பச் சோதனை. கரடுமுரடான சாலையில் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தியவுடன், புறங்கையால் இரு பக்க ஷாக்குகளையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று வெதுவெதுப்பாகவும் அதன் இணை குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. பின்பக்கம் கை நீட்டும்போது சைலன்சர் குழாய் சுடும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

சத்தத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் 'கடகட'வென்று ஒலித்தால், அது வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் ராட், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் ரப்பர் மூட்டான லோயர் ஆர்ம் புஷ், ஷாக்கின் மேல்முனையை வண்டியின் உடலோடு பிணைக்கும் ஸ்ட்ரட் மவுன்ட் ஆகியவற்றில் எதுவாகவும் இருக்கலாம். இவற்றில் லிங்க் ராட்டின் விலை ஷாக்கைவிட மிகக் குறைவு. ஒருமுறை நான் இரண்டு முன் ஷாக்குகளையும் மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வீடு திரும்பினேன். ஆகவே சிறிய பாகங்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பொதுவாக 80,000 கிலோமீட்டரை ஒட்டி ஷாக்குகளைச் சோதிக்கச் சொல்வார்கள். குழி நிறைந்த சாலையும் அதிகப் பாரமும் இருந்தால் அதற்கு வெகுமுன்பே பார்க்க வேண்டியிருக்கும். மாற்றுவதானால் முன் இரண்டு அல்லது பின் இரண்டு என ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பிரேக்கிலும் வளைவிலும் வண்டி சமமாக நடந்துகொள்ளாது. பல கார்களில் முன் ஷாக் ஸ்பிரிங்குக்கு உள்ளேயே பொருந்தியிருப்பதால், கழற்றும்போது அமுக்கி வைத்த ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் கழற்றிப் பார்க்கும் வேலை அன்று. முன் ஷாக் மாற்றியபின் வீல் அலைன்மென்ட் கட்டாயம். கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி, நிமிர்த்திப் பிடித்துத் தண்டைக் கீழே அழுத்தி, மேலே இழுத்துப் பாருங்கள். நல்ல ஷாக் இரு திசையிலும் இடையில் விட்டுவிடாமல் சீராக எதிர்க்கும். தேய்ந்தது நடுவில் ஓரிடத்தில் பிடிப்பே இல்லாமல் வெறுமையாகச் சரியும்.