கடையை மூடிவிட்டு வாடகை மட்டும் கட்டுதல்: குத்தகை ஒப்பந்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணிக வளாகத்தின் பெரிய கடை ஷட்டரை இறக்கிவிட்டு, மாதந்தோறும் வாடகையை மட்டும் தவறாமல் கட்டி வந்தால் உரிமையாளருக்கு நட்டமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அந்தக் கடையைத் தேடி வந்த கூட்டம் நின்றதும் பக்கத்துக் கடைகளின் வியாபாரம் படுத்துவிடுகிறது என்பதே உண்மை.

வாடகை தரும் கடமையிலேயே கடையைத் திறந்து நடத்தும் கடமையும் அடங்கிவிட்டதாக நம்புவது முதல் தவறு. ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதப்படாத அத்தகைய கடமையை, கணிசமான நிலையான வாடகை வரும் இடங்களில், தாமாக வருவித்துக்கொள்ள அமெரிக்க நீதிமன்றங்கள் பொதுவாக முன்வருவதில்லை.

எழுதினாலும் போதாது, மீறினால் என்ன தீர்வு என்பதையும் எழுத வேண்டும், இதை விட்டுவிடுவதையே நான் மிகப் பெரிய பிழையாகக் கருதுகிறேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், 1979இல் தொடங்கிய 35 ஆண்டுக் குத்தகையில், வழக்கமான வியாபார நேரத்தில் கடை திறந்திருக்க வேண்டும் என்று தெளிவாகவே இருந்தும், நட்டத்தில் ஓடிய சூப்பர் மார்க்கெட் 1995இல் மூடப்பட்டது. அதைத் திறந்து நடத்துமாறு கட்டாயப்படுத்த முடியாது, இழப்பீடுதான் தீர்வு என்று, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை 1997இல் தீர்ப்பளித்தது. ஆகவே, கடை இத்தனை நாள் தொடர்ந்து மூடியிருந்தால் இடத்தைத் திரும்பப் பெறலாம் என்ற உரிமையை உரிமையாளர் கேட்டு வாங்க வேண்டும். வாடகைதாரரோ தீ விபத்து, புதுப்பிப்புப் பணி போன்றவற்றுக்கு விலக்குக் கேட்பதோடு, இடத்தைத் திருப்பிக் கொடுத்த நாள் முதல் வாடகைப் பொறுப்பும் நீங்குமா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

விற்பனையில் பங்கு என்ற முறையில் வாடகை பேசியிருந்தால், மூடிய கடையில் அந்தப் பங்கு பூஜ்யமாகிவிடும். முந்தைய 12 மாதப் பங்கின் சராசரியை அப்போது செலுத்த வேண்டும் என்ற ஒரு வரி அந்த இழப்பை ஈடுசெய்யும்.

சிறிய கடைக்காரர் சறுக்குவது வேறிடத்தில். பெரிய கடை போய்விட்டால் தமக்கு வாடகை குறையும் என்ற பிரிவில், அக்கடை 'குத்தகையில் இருக்கும்வரை' முழு வாடகை என்று எழுதியிருந்தால், பூட்டிய கடையும் கணக்கில் சேர்ந்து சலுகை கிடைக்காமல் போகும். 'பொதுமக்களுக்குத் திறந்து வியாபாரம் நடத்தும்வரை' என்றே அது இருக்க வேண்டும்.

மூடும் உரிமை உடையவரும் காப்பீட்டுப் பத்திரத்தைப் பார்க்காமல் பூட்டிவிடக் கூடாது. கட்டடம் நெடுநாள் காலியாகக் கிடந்தால் திருட்டு, நீர்க்கசிவு போன்ற சேதங்களுக்கு இழப்பீடு மறுக்கும் நிபந்தனை பல பத்திரங்களில் இருக்கிறது.