பழைய பெரிய ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களுக்கு: விற்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள், அப்படியே நம்பிவிடாதீர்கள்

“முன்னெல்லாம் வூடே அதிரும் தம்பி. இப்ப இன்னாவோ கொஞ்சம் அடங்கிப்போச்சு. ஆனா கேக்கறதுக்கு மிருதுவா கீது.”

ஆம்பூரில் தோல் ஏற்றுமதியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பாய் என்னிடம் சொன்னது இது. தொண்ணூறுகளில் ஜெர்மனிக்குப் போய்வந்த சமயத்தில் வாங்கி கண்டெய்னரில் சரக்கோடு கொண்டுவந்த ஜோடி, நெஞ்சு உயரம், வால்நட் மரத்தோல் ஒட்டியது. கம்பெனி பேர் வேண்டாம், பின்னால் நடந்த கூத்தில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. அன்றைக்கு நான் தலையாட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். அவர் சொன்ன அந்த மூன்று வரியில் ஸ்பீக்கரின் முழு வியாதியும் இருந்தது என்று எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது. ‘அடங்கிப்போச்சு’ என்றால் ஊஃபரின் (பேஸ், அதாவது அடிச்சத்தம் தருகிற பெரிய கோன்) ஃபோம் வளையம் போய்விட்டது. ‘மிருதுவா கீது’ என்றால் ட்வீட்டர் (மேல் சுரங்களைத் தருகிற சின்னது) பாதி செத்துவிட்டது.

பழைய பெட்டியைப் பற்றி அதன் சொந்தக்காரர் சொல்வதில் பொய் அநேகமாக இருக்காது. ஆனால் அவர் சொல்வது அந்தப் பெட்டி, அவர் ஹால், அவருடைய ஆம்ப், இருபது வருடமாக அந்தச் சத்தத்துக்குப் பழகிய காது, இந்த நாலும் சேர்ந்த கலவையைப் பற்றி. அதிலிருந்து பெட்டியை மட்டும் பிரித்தெடுப்பதுதான் வாங்கப் போகிறவர் செய்ய வேண்டிய வேலை.

போவதற்கு முன் போனிலேயே மாடல் நம்பர், பின்பக்கப் படம், கிரில் துணியைக் கழற்றி முன்பக்கப் படம், இந்த மூன்றையும் வாங்கிவிடுங்கள். கிரிலைக் கழற்ற மாட்டேன் என்றால் அங்கேயே பாதி பதில் கிடைத்துவிட்டது. கூடவே வேறு பெட்டி, கருவி ஏதாவது வந்ததா என்றும் கேட்டு வையுங்கள். கெஃப் 107 மாதிரி மாடல்களுக்கு ‘க்யூப்’ என்று பேஸைச் சரிக்கட்டத் தனியாக ஒரு ஈக்வலைசர் கருவி உண்டு, அது இல்லாமல் கேட்டால் அடித்தளமே இல்லாத வீடு மாதிரி இருக்கும். சொந்தக்காரரின் பேரன் அதைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பான், தாத்தா “பேஸ் கம்மிதான்” என்று அப்பாவியாகச் சொல்வார்.

நேரில் போனதும் முதலில் பாட்டுப் போடச் சொல்லாதீர்கள். டார்ச் எடுங்கள். ஊஃபர் கோனின் (அதிர்கிற கூம்பு) ஓரத்தில் சுற்றி ஓடும் வளையம் ரப்பரா, துணியா, ஃபோமா என்று பாருங்கள். ரப்பரும் பசை பூசிய துணியும் நாற்பது வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். ஃபோம் அப்படி இல்லை, அது பாலியூரித்தேன், பயன்படுத்தினாலும் சும்மா வைத்தாலும் பத்து இருபது வருடத்தில் தானாக மக்கும். சூடும் ஈரமும் வெயிலும் அதைச் சீக்கிரம் முடித்துவிடும், நம் வேலூர்க் கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். எழுபது, எண்பதுகளில் வந்த அமெரிக்கப் பெட்டிகளில் நிறைய ஃபோம்தான். விரல் நுனியால் ரொம்ப மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், அதற்கு முன் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நான் வாங்கிய ஜோடியில் வீட்டுக்கு வந்தபிறகுதான் தொட்டேன். புண்ணாக்கு மாதிரி உதிர்ந்தது, விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு சோப்புப் போட்டும் போகவில்லை.

அப்புறம் இரண்டு கை விரல்களையும் கோனின் இரண்டு பக்கமும் சமமாக வைத்து ஒரு சிறிது உள்ளே அழுத்தி விடுங்கள். சத்தமே இல்லாமல் போய்வர வேண்டும். மணலைத் தேய்க்கிற மாதிரி கேட்டால் வாய்ஸ் காயில் (கோனை ஆட்டுகிற கம்பிச் சுருள்) காந்தத்தில் உரசுகிறது. ட்வீட்டரை மட்டும் தொடவே கூடாது.

சட்டைப் பையில் ஒரு 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரி போட்டுக்கொண்டு போங்கள். ஒயரைப் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து சிவப்பு முனைக்கும் மைனஸிலிருந்து கறுப்பு முனைக்கும் ஒரு நொடி தொட்டால் ஊஃபர் ‘டப்’ என்று முன்னால் வரும். இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் நகர வேண்டும். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் என்றால் யாரோ உள்ளே கழற்றி ஒயரை மாற்றி மாட்டியிருக்கிறார்கள், ‘பேஸ் வரல’ என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒரு விதிவிலக்கு: பழைய ஜேபிஎல் பெட்டிகள் பிளஸ் கொடுத்தால் உள்ளேதான் போகும், அந்தக் காலத்தில் அவர்கள் வழக்கம் அப்படி. இரண்டும் சேர்ந்து உள்ளே போனால் பயப்பட வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் 8 ஓம் பெட்டி சுமார் 5.5-லிருந்து 7 வரைக்கும், 4 ஓம் பெட்டி 3, 3.5 என்றும் காட்டும். பின்னால் நாலு முனை இருக்கிற பெட்டியில் ட்வீட்டர் பக்கம் ஒன்றுமே காட்டாமல் இருக்கலாம், வழியில் கெப்பாசிட்டர் நிற்பதால் மீட்டர் அனுப்பும் டிசி (நேர் மின்சாரம்) போகாது. அதைப் பார்த்து ‘ட்வீட்டர் அவுட்’ என்று விலையைக் குறைக்கப் போய் அசிங்கப்படாதீர்கள்.

அடிப்பக்கம் பாருங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்தது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஒருமுறை நனைந்தால் கீழ் ஓரம் உப்பி நிற்கும், விரலால் தடவினாலே தெரியும், அதற்கு மருந்து கிடையாது. கரையான் தடமும் பாருங்கள். பேஸ் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பல்லி முட்டை இருந்தால் ஊதித் தள்ளிவிடலாம், எலி கூடு கட்டியிருந்தால் ஒயரைக் கடித்திருக்கும்.

இப்போது பாட்டு. உங்களுக்கு மனப்பாடமான பதிவையே கொண்டுபோங்கள், அவர் போட்டுக் காட்டுகிற ‘டெமோ’ சிடி எல்லாப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும். நான் எடுத்துப்போவது ஒரு மிருதங்கத் தனி, ஒரு நாதஸ்வரக் கச்சேரி. மிருதங்கத்தில் தொப்பியின் (இடப்பக்கம்) ‘கும்’ வழுக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும், ‘தொம்’ என்று ஒரே இடத்தில் விழுந்தால் ஊஃபரில் சந்தேகம். வலந்தலையின் (வலப்பக்கம்) ‘நம்’ கணீரென்று இல்லாமல் துணி போர்த்திய மாதிரி இருந்தால் ட்வீட்டரைப் பாருங்கள். நாதஸ்வரம் சத்தமாக இருக்கலாம், சீவாளி பிளந்த மாதிரி கேட்கக் கூடாது. பிறகு ஒரு பெட்டியை மட்டும் ஓடவிட்டு, மாற்றி மற்றதை ஓடவிட்டு, காதை ட்வீட்டர் பக்கம் கொண்டுபோய் இரண்டும் ஒரே அளவு வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து கெட்டுப்போயிருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம், ஒன்று மட்டும் கெட்டிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

ட்வீட்டர் ஏன் ‘மிருது’ ஆகிறது? பல ட்வீட்டர்களில் காந்த இடுக்குக்குள் ஃபெர்ரோஃப்ளூயிட் என்று ஒரு காந்த எண்ணெய் விட்டிருப்பார்கள், காயிலின் சூட்டைக் கடத்த. இருபது முப்பது வருடத்தில் அது காய்ந்து கூழாகிக் காயிலைப் பிடித்துக்கொள்ளும். கெஃப் 104/2 வைத்திருப்பவர்கள் பலருக்கு இது தெரிந்த கதை. அதோடு கிராஸ்ஓவரில் (சத்தத்தை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற சர்க்யூட்) இருக்கிற நான்-போலார் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரும் வயதாக ஆக உள்தடை ஏறிப்போகும். இரண்டும் மெதுவாக, வருடக்கணக்கில் நடப்பதால் தினமும் கேட்கிறவருக்குத் தெரியாது. தாத்தாவுக்குக் காது மந்தமானது வீட்டில் இருப்பவர்களுக்குத் தாமதமாகத் தெரியவருகிற மாதிரிதான்.

இனி சொந்தக்காரர் பேச்சுக்கு என் சொந்த அகராதி. ‘ஆம்ப் சூடாகி ஆஃப் ஆயிடும், வேற ஒண்ணும் பிரச்சினை இல்ல’ என்றால், அதுதான் பெரிய பிரச்சினை. இன்ஃபினிட்டி கப்பா 9 இதற்குப் பேர்போனது, சில அதிர்வெண்களில் அதன் தடை 1 ஓமுக்கும் கீழே இறங்கும், சாதாரண ஹோம் தியேட்டர் ரிசீவரை அதில் மாட்டினால் அது மூச்சை விட்டுவிடும். அந்தப் பெட்டி அற்புதம்தான், ஆனால் ஆம்ப் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள். ‘வால்யூம் நிறைய வெக்கணும்’ என்றால் சென்சிட்டிவிட்டி (கொடுக்கிற வாட்டுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு) எத்தனை டெசிபல் என்று மாடலை வைத்துத் தேடுங்கள். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும், 90-க்கும் 84-க்கும் நடுவே நாலு மடங்கு. சின்ன ஆம்பை முழுசாகத் திருகினால் அலை வெட்டுப்பட்டு முதலில் சாவது ட்வீட்டர். ‘கும்முனு பேஸ்’ என்றால் பெட்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அநேகமாக மூலையில் இருக்கும், மூலை பேஸை ஊதிக் காட்டும். ‘பாடறவர் எதிர்ல நிக்கற மாதிரி இருக்கும்’ என்று ஒருவர் சொன்னால் அதை மட்டும் நான் நம்புவேன், ஜோடி ஒத்துப்போகாவிட்டால் அது வரவே வராது.

தூக்கிவருவது தனிக் கதை. பி அண்ட் டபிள்யூ நாட்டிலஸ் 801 மாதிரி ஒன்று என்றால் ஒரு பெட்டியே 100 கிலோவைத் தாண்டும், மாடிவீடு என்றால் முன்கூட்டியே நாலு ஆள் சொல்லி வையுங்கள். என்னுடையது அவ்வளவு இல்லை. குட்டியானையில் இரண்டு பஞ்சு மெத்தை விரித்து, நிமிர்த்தி நிற்கவைத்துக் கயிறு கட்டி, பள்ளிகொண்டா டோல் தாண்டுவதற்குள் டிரைவர் மூன்று முறை “உள்ள இன்னாண்ணா, பீரோவா?” என்று கேட்டுவிட்டார்.

ரிப்பேரில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஃபோம் போனது தெரிந்ததும் ஊரிலேயே ஒரு கடையில் ஒரு ஊஃபரைக் கொடுத்தேன். திருவிழா மைக் செட்டுக்குக் கோன் மாற்றுவதில் கெட்டிக்காரர். வளையம் மட்டும் போதும் என்று இரண்டு முறை சொல்லியும், “ஆயுசுக்கும் உழைக்கும் சார்” என்று முழுக் கோனையும் கழற்றித் தடித்த காகிதக் கோனை ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஒரு பக்கம் வீணை, மறு பக்கம் ஆடிக் கிருத்திகை. அதே மாடல் ஊஃபர் ஒன்று தேடிப்பிடிக்கப் பதினொரு மாதம் ஆனது. ஆகையால் கோன் நல்லபடி இருந்தால் அதைத் தொடவிடாதீர்கள். அளவுக்கு ஏற்ற ஃபோம் வளையத்தை வரவழைத்து (சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஆன்லைன்), பழைய பசையைப் பொறுமையாகச் சுரண்டி, காயிலைச் சுற்றிச் சன்னமான ஃபிலிம் துண்டு சொருகி நடுப்படுத்திவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும். ஒன்றுதான் போயிருக்கிறது என்றாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கெப்பாசிட்டரில் மைக்ரோஃபேரட் மதிப்பு அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் கூட இருக்கலாம், குறையக் கூடாது. ட்வீட்டர் இடுக்கைச் சுத்தம் செய்து புது எண்ணெய் விடுவது கை நடுங்காதவர்கள் வேலை, நான் சென்னையில் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் வைக்கும் இடம். நம் வீடுகள் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர். நடுவில் நின்று ஒரு கை தட்டுங்கள், ‘ட்ர்ர்’ என்று திரும்பி வந்தால் எந்த உயர்ந்த பெட்டியும் அங்கே தகரம்தான். ஜமக்காளம், கனமான திரை, புத்தக அலமாரி, துணி அடுக்கிய கட்டில், இதில் எது முடியுமோ அதைக் கொண்டுவாருங்கள். வேலூர் சத்துவாச்சாரியில் என் அறை 10 அடிக்கு 12. பத்தடிச் சுவர்களுக்கு இடையே சுமார் 56 ஹெர்ட்ஸில் சத்தம் தேங்கும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ், அந்த ஒரு சுரம் வந்தால் மட்டும் என் ஜன்னல் கண்ணாடி பதில் சொல்லும். பெட்டியைப் பின்சுவரிலிருந்து இரண்டரை அடி முன்னால் இழுத்து, நான் உட்காரும் நாற்காலியையும் சுவரைவிட்டு நகர்த்தியதும் பாதி அடங்கியது. மீதிக்கு பேஸ் ஓட்டையில் பழைய சாக்ஸைச் சுருட்டி வைத்தேன்.

இன்னொன்று, இந்தப் பெட்டிகளில் ட்வீட்டரை நாற்காலியில் உட்கார்ந்தவர் காது உயரத்துக்குத்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள். நாம் பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்து கேட்டால் மேல் சுரமெல்லாம் தலைக்கு மேலே போய்விடும். பின் காலுக்குக் கீழே சின்னக் கட்டை வைத்து பெட்டியை லேசாக முன்னால் சாய்த்து வையுங்கள், அல்லது நாற்காலி போட்டுக்கொள்ளுங்கள். அடியில் கடப்பா கல் ஒன்று போட்டு, கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவே தோல் துண்டு வைத்திருக்கிறேன், நம் பக்கம் அதற்குப் பஞ்சமா?

எல்லாம் சரியானபிறகு அந்தப் பெரியவரை வீட்டுக்கு அழைத்தேன். அரை மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டார். “நல்லாதான் கீது தம்பி. ஆனா எங்கூட்ல இத்தவிட அதிரும்” என்றார். அவர் வீட்டு ஹாலில் இரண்டும் மூலையில் நின்றது ஞாபகம் வந்தது. எழுந்துபோய் சாக்ஸை உருவிவிட்டு, இரண்டு பெட்டியையும் மூலைக்குத் தள்ளினேன். “ஆங், இதான்!” என்று தொடையைத் தட்டினார். டீ குடித்துவிட்டு அவர் ஆட்டோ ஏறியதும் மறுபடி இழுத்து வைத்தேன்.